வீரனாருக்கு நேர்ந்துவிட்ட துரைசாணி

சுரக்குடியில் ஒரு கோழிக்கு மூன்று வருஷமாக வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, அறுப்பதற்காக. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நோயாளிக் கோழியைச் சாமி வாங்காது. முதலில் குணப்படுத்த வேண்டும், பிறகு அறுக்க வேண்டும். சிவசுப்பிரமணியன் வீட்டுக் கோழிக்கு மூன்று வருஷமாகக் குணமாகவில்லை. அதனால் அது உயிரோடு இருந்தது.

கோழிக்குத் துரைசாணி என்று பெயர். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை, யாரையும் நேராகப் பார்க்காத கண். காரைக்காலை விட்டுக் கப்பலேறின பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் கூடையோடு மறந்துவிட்டுப் போன கோழிகளின் வம்சம் என்று சிவசுப்பிரமணியன் சொல்லுவார். முட்டையிட்ட காலத்தில் அது கொக்கரித்ததெல்லாம் மூக்கால்தானாம். உள்ளூர்க் கோழிகளுக்கு ஒன்றும் புரியாமல் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்குமாம். கஜாப் புயலன்று அது முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்தது. காற்று மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கோழி அதே உயரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே மரம் இல்லை என்று தெரிந்த பிறகு இறங்கியது. இதைப் பார்த்தவர் சிவசுப்பிரமணியன் ஒருவர்தான். அவர் பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் முப்பது வருஷம் அவர் சொன்ன தண்ணீர் மட்டத்தை நம்பியிருக்கிறது. கோழி விஷயத்தில் மட்டும் ஊர் ஏன் நம்பவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை.

கோழிக்கு வந்திருந்த வியாதி இதுதான். தின்றது முதலில் போய்த் தங்குகிற பை கழுத்துக்குக் கீழே இருக்கிறதே, இரைப்பை, அது தளர்ந்து தொங்கிவிட்டது. நல்ல கோழிக்கு ராத்திரி தின்றது விடிவதற்குள் இறங்கிவிடும். துரைசாணிக்கு அது அங்கேயே நின்று புளித்து, பை எலுமிச்சம்பழமாகி, சாத்துக்குடியாகி, கடைசியில் நடந்தால் தரையில் இடிக்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. இது தீர்கிற நோய் இல்லை, பார்த்துக்கொண்டால் கூடவே இருக்கிற நோய் என்று காரைக்கால் கால்நடை மருத்துவமனையில் டாக்டர் பிரதீபா அப்போதே சொல்லிவிட்டார். சிவசுப்பிரமணியனின் நெஞ்சைப் பற்றியும் வேறொரு டாக்டர் அதையேதான் சொல்லியிருந்தார்.

இரண்டு நோய்க்கும் சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்கால்காரனுக்கு நெஞ்சு பெரிதாக வலித்தால் புதுச்சேரிக்குத்தான் ஆம்புலன்ஸ். சொந்த மாநிலத்து ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த மாநிலத்தைத் தாண்ட வேண்டும். வழியெல்லாம் கோபுரம். சிவசுப்பிரமணியன் உள்ளே படுத்திருக்க, மனைவி சௌந்தரவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வருகிற சாமிக்கெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டே போனாள். திருக்கடையூர் வந்தது, எழுபதாம் கல்யாணம் இங்கேயே செய்துகொள்கிறோம் என்றாள். சீர்காழி வந்தது, புனுகு வாங்கிச் சாத்துகிறேன் என்றாள். சிதம்பரத்தில் தில்லைக் காளிக்கு எண்ணெயும் குங்குமமும். கடலூர் தாண்டியபோது அவர் கை சில்லிட்டுப் போனது. அப்போது பார்த்து ஜன்னலில் கோபுரம் எதுவும் இல்லை, ஒரு பெட்ரோல் பங்க்தான் இருந்தது. அவளுக்கு அப்போதுதான் சொந்த ஊர் நினைவு வந்தது. சுரக்குடி வயல் நடுவில் இலுப்பை மரத்தடியில் நிற்கிற குலதெய்வம் வீரனாரைக் கூப்பிட்டு, "வீட்டுல நிக்கிற கோழியையே தரேன், இவரைத் திருப்பிக் கொடு" என்று சொல்லிவிட்டாள்.

கை சூடானது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஒரு வலை வைத்து அனுப்பினார்கள். அடுத்த மாநிலத்துச் சாமிகளுக்கெல்லாம் அந்த வருஷமே செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. சொந்தச் சாமிக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தபோது கோழிக்குப் பை தொங்கிவிட்டது.

அதிலிருந்து வைத்தியம். காலையில் காப்பிக்கு முன்னால் சிவசுப்பிரமணியன் கோழியின் கழுத்தடியைத் தொட்டுப் பார்ப்பார். காலியாக இருந்தால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி. நெல் கூடாது, புல் கூடாது, குருணை கூடாது. குழைய வடித்த சோற்றில் துளி மோர் விட்டுப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக, விரல் நுனியில். சாயங்காலம் மடியில் கோணிச் சாக்கை விரித்து அதைப் படுக்க வைத்து, வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்திலும் மார்பிலும் போட்டு, பையைப் பக்கவாட்டில் மெல்ல மெல்லப் பிசைவார். மேல்நோக்கித் தள்ளினால் தொண்டைக்கு ஏறிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். துணியிலிருந்து தண்ணீர் கொண்டை வழியாகச் சொட்டும். துரைசாணி ஒரு கண்ணை மூடும், பிறகு இன்னொன்றை மூடும். மதகுக் கதவின் திருகைத் திருப்பித் திருப்பிக் காய்த்துப் போன கை அது. அந்தக் கைக்கு அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று சௌந்தரவல்லிக்கே தெரியாது. அவளைப் பொறுத்தவரை சாமிக்குப் போகிற உசிரைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். சோறு குழைவது அவள் பொறுப்பு, பிசைவது அவர் பொறுப்பு.

தொங்குகிற பைக்கு ஒரு தாங்கல் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சுல்தான் பீவியிடம் கோழியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"என்னண்ணே, கோழிக்குச் சட்டையா?"

"சட்டை இல்லம்மா. கச்சை மாதிரி. இங்க தாங்கிப் பிடிக்கணும், ரெக்கை ரெண்டும் வெளியில வரணும்."

சுல்தான் பீவி டேப்பை எடுத்து அளந்தாள். துரைசாணி அளவு கொடுப்பதற்காகவே பிறந்த மாதிரி நின்றது.

"கொக்கி முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால. முன்னால வச்சா கொத்திடும்."

"இதுவரைக்கும் தச்சதுல அளவு எடுக்கறப்ப வாயை மூடிக்கிட்டு நின்னது இது ஒண்ணுதான்" என்றாள் சுல்தான் பீவி. "துணி என்ன, பூப்போட்டதா, வெறும் கலரா?"

பூப்போட்டதையே தைத்தாள். கூலி வாங்கவில்லை. கோழிக்குக் கூலி வாங்கினேன் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தால் கடைக்கு ஆகாது என்றாள். அந்தக் கச்சை போட்டுக்கொண்ட பிறகு துரைசாணியின் நடை மாறிவிட்டது. திருநள்ளாறு பக்கம் போகிற பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள் என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இரண்டு பேர் இறங்கினார்கள் என்பது நிச்சயம்.

மூன்று வருஷத்தில் பை சுருங்கிவிட்டது. தளர்ந்தது தளர்ந்ததுதான், ஆனால் காலையில் தொட்டால் காலியாக இருந்தது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். சிவசுப்பிரமணியன் சந்தோஷப்படவில்லை. ஆடி பிறந்துவிட்டது. ஆடி கடைசி ஞாயிறு வீரனாருக்குப் படையல்.

படையலுக்கு முன்னால் நேர்ந்துவிட்ட உயிர்களைப் பார்த்துச் சரி சொல்வது பங்காளிகளில் மூத்தவரான இளையபெருமாளின் வேலை. வீரனாருக்குப் பூசை வைப்பவரும் அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சிவசு, கோழி எப்படி இருக்கு?"

"ரொம்ப மோசம் அண்ணே. நேத்திக்கு இருமிச்சு."

"கோழி இருமுமா?"

"மத்தது இருமாது. இது எந்த ஊருக் கோழின்னு உங்களுக்குத் தெரியும். கையால வாயைப் பொத்திக்கிட்டு இருமுது."

"அதுக்குக் கையேது?"

"அதான் கஷ்டப்படுது."

இளையபெருமாள் சிரிக்கவில்லை. சிவசுப்பிரமணியனும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து சௌந்தரவல்லி கோழியை இடுக்கிக்கொண்டு வந்தாள். கச்சையைக் கழற்றினாள்.

"நல்லா பாருங்க அத்தான். பை சுத்தமா இருக்கு. ஒரு வாரமா ஒரு நாளும் நிக்கலை."

இளையபெருமாள் தொட்டுப் பார்த்தார். காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், அலகைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "கிழம்தான். ஆனா குறை ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சிவசுப்பிரமணியன் ஆரம்பித்தார்.

"சந்தையில நல்ல சேவலாப் பார்த்து வாங்கியாரேன். கால்ல முள்ளு இவ்வளவு நீளம் இருக்கும். வீரனாருக்கே அதைத்தான் புடிக்கும்."

"வீட்டுல நிக்கிற கோழின்னு சொன்னேன். கடையில வாங்கித் தரேன்னு சொல்லலை."

"கிழட்டுக் கோழி வல்லி. கறி வேவாது."

"சாமிக்குப் பல்லு இருக்கு."

"அதைப் பார்த்தா உனக்கு ஒண்ணும் தோணலையா?"

சௌந்தரவல்லி கச்சையின் கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டே பேசினாள். "எனக்குத் தோணுறது என்னன்னு கேளுங்க. மத்த ஊரு சாமிக்கெல்லாம் கொடுத்தாச்சு. நம்ம சாமி மட்டும் மூணு வருஷமா பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. உங்களுக்கு இன்னும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. அது ஏன்னு நெனைக்கிறீங்க?"

"எழுபத்து மூணு வயசாவுதுன்னு நெனைக்கிறேன்."

"எனக்கு அப்படித் தோணலை" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு உங்க கை எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை அப்படி ஒரு கையைப் புடிச்சுக்கிட்டு நான் போவ மாட்டேன்."

சிவசுப்பிரமணியன் கோழியை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே போய்த்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். வேலியோரம் அருகம்புல் முழ நீளத்துக்கு வளர்ந்து கிடந்தது. துரைசாணி மூன்று வருஷமாக அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. நீளப் புல் பைக்குள் போனால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், இறங்காது. அவருக்கு அது தெரியும். கொஞ்சம் சுருண்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை பை கொஞ்சம் தொங்கினால் போதும், குறையுள்ள கோழி என்று இளையபெருமாள் ஒதுக்கிவிடுவார், அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிக் கணக்குப் போட்டு நாலு இணுக்கு பிடுங்கி நீட்டினார். கோழி நாலையும் ஒரே இழுப்பில் விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தது. அது யாரையும் நேராகப் பார்த்து அவர் கண்டதில்லை. இன்னும் ஒரு பிடி பிடுங்கினார்.

மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தபோது பை கிரிக்கெட் பந்து மாதிரி கல்லாக இருந்தது. கோழி சோற்றைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிச் சுருக்கியது. வாயில் புளித்த வாடை. மத்தியானத்துக்குள் இறக்கையைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் நின்றுவிட்டது. சௌந்தரவல்லி வந்து குனிந்து அலகைப் பிரித்தாள். ஓரத்தில் பச்சையாக ஒரு நார் ஒட்டியிருந்தது.

"புல்லு எப்படி வந்துது?"

"மேய்ஞ்சிருக்கும்."

"கச்சையைப் போட்டுக்கிட்டு, கொல்லைக் கதவைத் தொறந்துகிட்டுப் போயி?"

"அது சாதாரணக் கோழியா? புயல்லயே…" என்று தொடங்கினார். கோழி மறுபடி கழுத்தை நீட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கதையைப் பாதியில் விட்டார். "நான்தான் கொடுத்தேன்."

அவள் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தாள். அவர் அலகைப் பிரித்துப் பிடித்தார், அவள் சொட்டுச் சொட்டாக விட்டாள். பை அசையவில்லை. "வண்டியை எடுங்க" என்றாள். பழைய மொபெட்டில் அவர் ஓட்ட, அவள் பின்னால் கோழியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார, காரைக்காலுக்குப் போனார்கள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"காப்பாத்துறேன்னு கொல்லப் பார்த்திருக்கீங்க."

"ஆமா" என்றார் அவர்.

டாக்டர் பிரதீபா மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வெந்நீர் செலுத்தி, பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை வெளியே எடுத்தார். எல்லாம் வரவில்லை. மிச்சம் தானாக இளகி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், இந்த வயசில் தாங்காது என்றார். வேளாவேளைக்கு வெந்நீர், எண்ணெய், விடாமல் ஒத்தடம். மருந்துச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"முட்டை போடுதா?"

"இல்லைங்க. அதெல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சு."

"இவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்துக்கறீங்களே. வீட்டுல செல்லமோ?"

"சாமிக்கு நேர்ந்தது டாக்டர்" என்றாள் சௌந்தரவல்லி. "ஞாயித்துக்கிழமை அறுக்கணும். அதுக்குள்ள பொழைச்சாகணும்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார்.

"அப்ப மருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் எழுதினா போதுமா?"

"நீங்க முழுசா எழுதுங்க" என்றார் சிவசுப்பிரமணியன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் வாங்கிக்கொண்டார். மூன்று வருஷத்தில் சௌந்தரவல்லி அந்தக் கோழியை மடியில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது போட்டுக்கொண்டாள். அவருக்குத் துணியைப் பிழிந்து போடத்தான் தெரியும், அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. சின்னச் செம்பில் வெந்நீரை எடுத்துக் கொண்டை மேலேயே ஊற்றினாள். கழுத்து வழியாக ஓடி, பை மேல் இறங்கி, கோணியை நனைத்து, அவள் புடவையை நனைத்து ஓடியது. முதல் நாள் கோழி கொஞ்சம் நெளிந்தது. மறுநாள் நெளியவில்லை. அதற்கடுத்த நாள் செம்பைப் பார்த்தாலே கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தது. "முழுங்குடி, துரைசாணி. எண்ணெய்தான், விஷம் இல்லை" என்று அவள் அதட்டுவது வாசல் வரைக்கும் கேட்டது. அதுவரை அவள் அதைக் கோழி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடியில் கோழி கிடக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. என்ன என்று கேட்டார். புகை என்றாள். அன்றைக்குச் சமையல் காஸ் அடுப்பில்தான் நடந்தது.

சனிக்கிழமை காலையில் பை காலி. கோழி எழுந்து நின்று, இறக்கையை ஒரு தடவை விரித்து மூடி, சோறு எங்கே என்கிற மாதிரி பார்த்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் நல்லது என்று சொல்லவில்லை.

"வல்லி, இப்பவும் சொல்றேன்…"

"வேண்டாங்க. சொல்லாதீங்க. சொன்னா எனக்குக் கால் வராது."

ஞாயிற்றுக்கிழமை வரப்பு வழியாகக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீரனார் இலுப்பை மரத்தடியில் சந்தனம் பூசி, புது வேட்டி கட்டி, கையில் அரிவாளோடு நின்றார். பங்காளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பொங்கல் பொங்கியாகிவிட்டது. பறை அடித்துக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லி கச்சையைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு முறை உண்டு. நேர்ந்த உயிரைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டு எல்லோரும் பேசாமல் நிற்பார்கள். ஆடோ கோழியோ உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் அறுக்கக் கூடாது. மூன்று தடவை தெளிக்கலாம். சிலுப்பாத உயிர் என்று ஒன்றை அந்தத் தலைமுறையில் யாரும் பார்த்ததில்லை. தலையில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் உதறாத பிராணி எது?

பறை நின்றது. இளையபெருமாள் வேப்பிலைக் கொத்தைச் செம்பில் தோய்த்துத் துரைசாணியின் தலையில் தெளித்தார். பக்கத்தில் வேறு வீட்டார் நேர்ந்து கட்டியிருந்த இரண்டு சேவல்களும், மேலே தெறித்த துளிக்கே சடசடவென்று சிலுப்பிவிட்டன. துரைசாணி ஒரு கண்ணை மூடியது.

"பொறுங்க, கிழம்தானே, கொஞ்சம் நேரமாவும்" என்றார் இளையபெருமாள்.

நேரமானது. கோழி இன்னொரு கண்ணையும் மூடியது. இரண்டாவது தடவை செம்பைச் சாய்த்துக் கொண்டை மேல் நேராக ஊற்றினார். துரைசாணி கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி, பையை முன்னால் தள்ளி, பிசைவதற்கு வாட்டமாகக் காட்டியது. யாரும் பிசையவில்லை என்றதும் கொஞ்சம் காத்திருந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சிவசுப்பிரமணியனுக்கு விஷயம் அப்போது புரிந்துவிட்டது. அவர் சௌந்தரவல்லியின் பக்கம் திரும்பவில்லை, கோழியின் பக்கமும் பார்க்கவில்லை, இலுப்பை மரத்தின் உச்சியில் ஒரு கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷம் கதை சொல்லிப் பழகின முகம் அன்றைக்கு ஒரு கதையும் சொல்லாமல் நிற்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது தடவைக்கு இளையபெருமாள் குடத்தையே எடுத்தார். முழுக் குடமும் இறங்கியது. தரை சேறானது. துரைசாணி அந்த ஈரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, தலையை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, தூங்கிவிட்டது. குறட்டை கேட்டதாகச் சிவசுப்பிரமணியன் பிறகு சொன்னார். அது நடந்திருக்க வாய்ப்புண்டு.

இளையபெருமாள் குடத்தைக் கீழே வைத்தார். வீரனாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உத்தரவு இல்லை. எடுத்துக்கிட்டுப் போங்க."

சௌந்தரவல்லி நகரவில்லை. சாமி வாங்க மறுத்துவிட்டது என்றால் கோபம் என்று அர்த்தமா, வேறு எதையாவது கேட்கிறது என்று அர்த்தமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அத்தான், எனக்கு விவரமா சொல்லுங்க. வேண்டாங்கறாரா, அப்புறம்ங்கறாரா?"

"நேர்ந்தது நேர்ந்ததுதாம்மா. அது அவரு கோழி. இந்த வருஷம் கேக்கலை. அடுத்த ஆடிக்குக் கொண்டாந்து நிறுத்து. அப்பவும் சிலுப்பலைன்னா அதுக்கு அடுத்த ஆடி."

"தள்ளிப் போட்டது நாங்க இல்லையே?"

"நீங்க கொண்டாந்துட்டீங்களே. இத்தனை பேரு சாட்சி. தள்ளிப் போட்டது அவரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்கதான் வச்சுப் பார்த்துக்கணும். குறையில்லாம."

அவள் கோழியைச் சேற்றிலிருந்து தூக்கி முந்தானையால் துடைத்தாள். திரும்பி நடக்கும்போது வரப்பில் அவள் முன்னால் போனாள், அவர் கூடையோடு பின்னால் போனார். குறுவை நடவு முடிந்த வயலில் நாரைகள் நின்றன. பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஒருத்தருக்கு ஒண்ணைத் தரணும்னு இருக்கு. அவரு இப்ப வேண்டாம், அப்புறம் வாங்கிக்கறேங்கறாரு. அப்படின்னா, அவரு வாங்கிக்கற வரைக்கும் அந்தக் காரியம் முடியலைன்னுதானே அர்த்தம்?"

"முடியலைதான்."

"யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆளு நல்லா இருந்தாத்தானே அவரு வந்து வாங்கிக்க முடியும்? நடுவுல ஆளை எடுத்துட்டாருன்னா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு என்கிட்ட கோழி கேப்பாரு?"

சிவசுப்பிரமணியன் யோசித்தார். அவர் எத்தனையோ புளுகியிருக்கிறார், இவ்வளவு கட்டுமானமாக ஒன்றை அவர் கேட்டதில்லை. "கேக்க முடியாதுதான்" என்றார்.

"அப்ப இந்தக் கோழி இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்படித்தான் தெரியுது."

"இது போயிடக் கூடாது."

"நானும் அதைத்தான் மூணு வருஷமா…"

"நீங்க பேசாதீங்க. புல்லு கொடுத்த ஆளு நீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து கோழி அவருடைய கையை விட்டுப் போய்விட்டது. பிசைவது, ஊற்றுவது, ஊட்டுவது எல்லாம் சௌந்தரவல்லிதான். அவருக்கு வெந்நீர் வைக்கிற வேலையைக் கொடுத்தாள், அதிலும் சூடு கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று பேச்சு வாங்கினார். கொல்லை வேலியோரம் இருந்த அருகம்புல்லை ஆள் வைத்து வேரோடு எடுத்தாள். சுல்தான் பீவியிடம் போய் மாற்றுக்கு இன்னொரு கச்சை தைக்கக் கொடுத்தாள்.

"அறுக்கப் போனதுன்னு கேள்விப்பட்டேனே அக்கா?" என்றாள் சுல்தான் பீவி.

"போனோம். சாமி வேண்டான்னுட்டாரு."

"அல்லா காப்பாத்தினான்னு சொல்லுங்க. இந்தத் தடவையும் பூப்போட்டதா?"

"கெட்டித் துணியா போடு. ரொம்ப நாளு வரணும்."

அவருடைய பாடும் மாறிவிட்டது. கோழியை மட்டும் பார்த்துக்கொண்டு ஆளைக் கோட்டை விட்டால் என்ன பிரயோஜனம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்தாள், விழுங்குகிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். டீக்கடை வடை நின்றது. காலையில் மதகு வரை நடந்துவிட்டு வர வேண்டும். ஒரு நாள் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, மதகில் முதலையைப் பார்த்தேன், அது வழிமறித்தது என்று சொன்னார். சௌந்தரவல்லி செருப்பைப் போட்டுக்கொண்டு, முதலையைக் காட்டுங்க என்று கூடவே கிளம்பிவிட்டாள். மதகு வரைக்கும் நடந்து போய், முதலை இல்லை என்று பார்த்துவிட்டு, இரண்டு பேரும் நடந்து திரும்பினார்கள். அதற்குப் பிறகு தினமும் அவளும் போக ஆரம்பித்தாள்.

டீக்கடையில் இளையபெருமாள் கேட்டார்.

"சிவசு, அடுத்த ஆடிக்காவது சிலுப்புமா?"

"வெள்ளைக்காரக் கோழி அண்ணே. குளிருக்குப் பழகினது. அங்கெல்லாம் பனியே கொட்டும். அதுவே உதறாது, நம்ம செம்புத் தண்ணிக்கா உதறும்?"

"அப்ப எப்பத்தான் கொடுப்பே?"

"அது சிலுப்பறப்ப கொடுத்துடுறேன். நான் எங்க போயிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத டீயைக் குடித்தார்.

வீட்டில் சௌந்தரவல்லி கோழியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செம்பிலிருந்து தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கோழியின் கழுத்தடியை அழுத்திப் பார்த்தாள், பிறகு அதே ஈரக் கையை அவர் மணிக்கட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடியை எண்ணினாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"கொஞ்சம் வேகமா இருக்கு. டீக்கடையில வடை தின்னீங்களா?"

"இல்லை."

"வாயைத் தொறங்க" என்றாள்.